தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னவர்களுக்கு

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

என் தங்கை மகன் போன வருடம் கடன் வாங்கிப் பழைய டீசல் வண்டி ஒன்றை எடுத்தான். சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்கு மளிகைச் சரக்கு ஏற்றுகிறான். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவுக்குள் வெப்ப முள் சிவப்பைத் தொட்டுவிடும். நான்கு மாதத்தில் மூன்று பட்டறை. ஒன்றில் வாட்டர் பம்ப் மாற்றினார்கள். அடுத்ததில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்க" என்றார்களாம். மூன்றாவதில் ஃபேன். மொத்தம் 23,000 ரூபாய் போனது. முள் மட்டும் இறங்கவில்லை.

எப்போது சூடாகிறது என்று ஒருவர்கூட அவனிடம் கேட்கவில்லை! நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடினால் தணிகிறதா? ஃபேனைப் பாருங்கள். பாரத்தோடு மேடேறும்போது சூடாகிறதா? ரேடியேட்டர் அடைப்பை முதலில் சந்தேகப்படுங்கள். வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் தினமும் தண்ணீர் குறைகிறதா? அது எஞ்சினுக்குள்ளேதான் போகிறது. கணக்கில் விடை தப்பினால் எந்தப் படியில் பிசகினோம் என்று பார்ப்போமா, எண்களை எல்லாம் மாற்றிப் போடுவோமா?

"வாத்தியாருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்" என்று குடும்பக் குழுவில் கேட்ட அண்ணனுக்கும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதுதான். ஆனால் ஊர் வெயில் 40 டிகிரி, எஞ்சின் நன்றாக வேலை செய்ய வேண்டிய சூடு 80-க்கும் மேல் என்பது தெரியும். அந்தச் சூடு வரும்வரை மூடியிருந்து, பிறகு திறக்கும் கதவுதான் தெர்மோஸ்டாட். சில எஞ்சின்களில் அதை எடுத்துவிட்டால் கொஞ்சம் வெந்நீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். குளிர்ச்சி கூடாது, குறையும். ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான். நம் குக்கர் வெயிட் மாதிரி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் போனால் அதுவும் போச்சு. அதை மாற்றச் சில நூறு ரூபாய்தான். அதையும் யாரும் பார்க்கவில்லை.

கடைசியில் என் பழைய மாணவன் ஒருவன் பட்டறைக்கு அனுப்பினேன். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது (சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்) மூடியைக் கழற்றி ஸ்டார்ட் செய்தான். குமிழ்கள் நிற்காமல் வந்தன. பிறகு நீலத் திரவம் ஒன்றை வைத்து அந்தக் காற்றைச் சோதித்தான், நிறம் மாறியது. நம் வகுப்பில் சுண்ணாம்பு நீர் பால் நிறமானதே, அதே கரியமில வாயுதான். ஹெட் கேஸ்கட் போயிருந்தது. ரேடியேட்டரைப் பிரித்தால் பாதிக் குழாய்களில் வெந்நீர் அண்டாவின் அடியில் படிவது போல வெள்ளை உப்பு. முதல் உரிமையாளர் கூலன்ட்டுக்குப் பதில் வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். ஆக, அடைப்பு முதலில். கேஸ்கட் அதற்குப் பிறகு, அந்த மூன்று பட்டறைகளையும் நம்பி நான்கு மாதம் சூட்டோடு ஓட்டியதில்.

நல்ல மெக்கானிக்குகள் கோபிக்க வேண்டாம். பாகத்தை மாற்றிவிட்டு, நோய் தீராமலே காசு வாங்கியவர்களைத்தான் சொல்கிறேன். கேட்காமல் கொடுத்த என் மருமகனையும் சேர்த்துத்தான்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை அவன் பையில் வைத்திருந்தான். வாங்கி, அடுப்பில் தண்ணீர் வைத்து அதில் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் கொதிக்கும் முன்பே அழகாகத் திறந்தது.