அறிவுத் திண்ணை: பஞ்சகாலத்து முட்டைகள்

சென்ற திங்கள் இப்பகுதியில் பருவக்காற்றின் போக்கைப் பற்றி எழுதினோம். இத்திங்கள், எம் வீட்டுச் சாளரத்தில் இருக்கும் ஒரு கண்ணாடிச் சாடியைப் பற்றி அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். சிறிய பொருள்தான், ஆயினும் அது எமக்குக் கற்பித்த பாடம் சிறியதன்று.

எட்டு வயது நிரம்பிய எம் மகன் மீன் வளர்க்க ஆசைப்பட்டான். கொல்கத்தாவில் ஞாயிறன்று கூடும் சந்தையில் இரண்டு மீன்களும், அவற்றுக்கு உணவாக உயிருள்ள நீர்த்தெள்ளுகளும் வாங்கி வந்தோம். அவற்றுள் சிலவற்றை மீனுக்கு இடாமல், தனிச் சாடியில் பச்சை நீரூற்றி அவன் காத்து வந்தான்.

நீர்த்தெள்ளு என்பது நன்னீரில் வாழும் விலங்கு மிதவைகளுள் ஒன்று. தெள்ளுப்பூச்சி போலத் துள்ளுவதால் இப்பெயர் பெற்றதேயன்றி, உண்மையில் இது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. கடுகினும் சிறிய இதன் உடல் கண்ணாடி போன்றது. உருப்பெருக்காடியின் வழியே நோக்கினால், குடலில் பசிய பாசியும், முதுகுப் பையில் முட்டைகளும் தெளிவாகத் தெரியும்.

உணவு மிகுந்த காலத்தில் இவற்றின் குடும்பம் பெருகும் விரைவு வியப்புக்குரியது. பிறந்த குஞ்சு ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே தாயாகிவிடும். ஆணின் துணையின்றியே முட்டையிடும். அம்முட்டைகள் யாவும் பெண்ணாகவே பொரிக்கும். உணவு குறையக் குறைய வளர்ச்சி தளரும்; பருவமெய்துவதும் தள்ளிப்போகும்; முட்டைகளின் எண்ணிக்கையும் சுருங்கும். ஆனால் பசித்த தாய் இடும் அச்சில முட்டைகள் பெரும்பாலும் அளவிற் பெரியனவாக இருக்கும். அவற்றினின்று வரும் குஞ்சுகள் பட்டினியை நெடிது தாங்கும். தன் பங்கைக் குறைத்துப் பிள்ளையின் கலத்தில் இடும் தாயரை நாம் அறியாதவர்களா?

உணவின் அளவு மட்டுமன்று, தரமும் வேண்டும். பாசியில் பாஸ்பரசும் உரிய கொழுப்புச் சத்தும் குறைந்தால், வயிறு நிறைந்தும் நீர்த்தெள்ளு வளராது. நீலப்பச்சைப் பாசி இத்தகைய குறையுணவு. அதில் சில வகைகள் நஞ்சும் உடையன. ஐரோப்பாவிலுள்ள கான்ஸ்டன்ஸ் ஏரியில் கழிவுகள் சேர்ந்து இப்பாசி பெருகிற்று. ஏரியின் அடிச்சேற்றில் பல்லாண்டுகளாக உறங்கிய முட்டைகளை ஆய்வாளர் பொரிக்கச் செய்தனர். பாசி பெருகுவதற்கு முற்பட்ட முட்டையினின்று வந்தவை அந்நஞ்சுணவில் மிகவும் நலிந்தன. பிற்காலத்தவை அதனைத் தாங்கி வளர்ந்தன. இச்செய்தி 1999-இல் வெளியாயிற்று. சில பத்தாண்டுகளுக்குள் ஓரினமே தன் இயல்பை மாற்றிக்கொண்டது!

இவ்வுயிர்களால் நமக்கென்ன பயன் என்பீராயின், நாம் குடியேறி வாழும் இந்நகரின் கிழக்கே சென்று காண்க. 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஈரநிலங்களில், நகரின் கழிவுநீர் வெயிலில் தங்கிப் பாசியை வளர்க்கிறது. பாசி மிதவை உயிர்களை வளர்க்கிறது. இவையெல்லாம் மீனை வளர்க்கின்றன. அங்காடியில் நாம் வாங்கும் மீனுக்குப் பின்னே கண்ணுக்குத் தெரியாத இப்பந்தி நடைபெறுகிறது.

இனிச் சாடிக்கு வருவோம். பூசை விடுமுறையில் ஊருக்குச் சென்று, இருபது நாள் கழித்துத் திரும்பினோம். மீன்களை அண்டை வீட்டார் பேணினர். சாடியை எவரும் நினைக்கவில்லை. நீர் தெளிந்து கிடந்தது. ஓர் உயிரும் அசையவில்லை. அடியில் கரும்புள்ளிகள் சில இருந்தன. மகன் வாய்திறவாது நின்றான். "எல்லாம் இறந்துவிட்டன, வேறு வாங்கித் தருவோம்" என்று கூறிச் சாடியை எடுத்துக்கொண்டு சாக்கடையை நோக்கி நடந்தோம்.

இல்லாள் தடுத்தாள். "எங்கள் ஊர் ஏரி கோடையில் வெடித்துக் கிடக்கும், முதல் மழை பெய்த சில நாளிலேயே அதில் உயிர் துள்ளும். கொட்டிவிடாதீர்கள்" என்றாள்.

ஆடியில் நோக்கினோம். ஒவ்வொரு புள்ளியும் குதிரைச் சேணம் போன்ற சிறு பேழையாக இருந்தது. பின்னர் நூலிற் படித்து உண்மையுணர்ந்தோம். உணவு அருகி, நெரிசல் மிகும்போது, இவ்வினத்தில் ஆண்களும் தோன்றுகின்றன. அப்போது கலப்பினால் உண்டாகும் முட்டைகளைத் தாய் தன் ஓட்டின் ஒரு பகுதியாலேயே பொதிந்து விடுகிறாள். அப்பேழை வறட்சியையும் உறைபனியையும் தாங்கிக் காத்திருக்கும்.

அடிமண்டியை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, மீண்டும் நீரூற்றினோம். ஆறாம் நாள் காலை, அலுவலகத்துக்குப் புறப்படும் வேளையில் மகன் ஓடிவந்து கையைப் பற்றி இழுத்தான். ஏழு குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. அன்று வருகைப் பதிவேட்டில் எம் பெயருக்கு நேரே சிவப்பு மை விழுந்தது, வருந்தவில்லை.

வளர்க்க விரும்பும் சிறுவர்க்கு ஒரு சொல்: குழாய்நீரை ஒருநாள் வைத்திருந்தே ஊற்றுக. நீர் இலேசாகப் பச்சை காணும் அளவே உணவு இடுக. மிகுந்தால் அது அழுகி உயிர்வளியைக் குறைத்துவிடும். பசியினும் விரைவாகக் கொன்றுவிடும். எல்லாம் அடங்கிவிட்டதாகத் தோன்றினாலும், கொட்டுமுன் அடியில் ஒருமுறை நோக்குக.