ஒரு கேபிள் போதும்... ஆபீஸே முடங்கிப் போகும்!

2002 நவம்பர் 13. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருக்கும் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்கள் திணற ஆரம்பித்தன. நெட்வொர்க் சீராக நான்கு நாள்கள் ஆயின. அதுவரை மருந்துச்சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாமே பேப்பரில்தான். முடிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்கள் மாடிக்கும் கீழுக்கும் ஓடினார்கள்.

வைரஸா, ஹேக்கரா? இரண்டும் இல்லை. நெட்வொர்க் தன்னைத்தானே சுற்றிக்கொண்டதுதான் காரணம்.

ஆபீஸ், கல்லூரி, மருத்துவமனை எங்கும் ‘சுவிட்ச்’ என்ற பெட்டி இருக்கும். பல லேன் கேபிள்களை இணைப்பது இதன் வேலை. ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்று, சுவிட்ச்களுக்கு இடையே கூடுதலாக ஒரு பாதையும் போட்டு வைப்பார்கள். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

‘எல்லோருக்கும்’ என்று ஒரு தகவல் வந்தால், வந்த வழியைத் தவிர மற்ற எல்லா வழிகளிலும் அதை அனுப்பிவிடும் சுவிட்ச். பாதை வட்டமாக இருந்தால், அந்தத் தகவல் சுற்றிக்கொண்டே இருக்கும். ‘இத்தனை தடவைக்கு மேல் போகாதே’ என்று அதை நிறுத்த ஈதர்நெட்டில் வழியில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு ஆயிரமாகி, சில நொடிகளில் மொத்த நெட்வொர்க்கும் மூச்சுத்திணறிவிடும்.

இதற்கு 1985-ல் தீர்வு கண்டவர் ரேடியா பெர்ல்மன். டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவருடைய ‘ஸ்பானிங் ட்ரீ’ முறையில், சுவிட்ச்கள் தங்களுக்குள் பேசி ஒன்றை ‘வேர்’ என்று தேர்ந்தெடுக்கும். மற்றவை அந்த வேருக்குப் போகும் சிறந்த பாதையை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சப் பாதைகளை மூடிவைக்கும். மரத்தின் கிளைகள் வளைந்து வந்து ஒன்றோடொன்று ஒட்டுவதில்லையே, அதுபோல. முதன்மைப் பாதை அறுந்தால், மூடிய பாதை தானாகத் திறக்கும்.

பாஸ்டனிலும் இந்த வசதி இருந்தது. ஆனால், ஸ்பானிங் ட்ரீயை வழக்கமான அமைப்பில் பயன்படுத்தும்போது, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏழு சுவிட்ச்களுக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த நெட்வொர்க் அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. பெரும் அளவில் தகவல் பாய்ந்ததும் எல்லாம் குலைந்தது.

சரி, சுவிட்சில் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

வேர் யார்? எல்லா சுவிட்சிலும் முன்னுரிமை எண் 32768 என்றே வரும். அப்படியே விட்டால், மேக் முகவரி சிறியதாக இருக்கும் சுவிட்ச் வேராகிவிடும். அது மூலையில் கிடக்கும் பழைய பெட்டியாகக்கூட இருக்கலாம். நடுவில் இருக்கும் வலுவான சுவிட்சுக்கு 4096 போன்ற சிறிய எண் கொடுங்கள். எண் சிறியதானால் முன்னுரிமை பெரிது.

போர்ட்ஃபாஸ்ட்: பழைய முறையில், கேபிளைச் செருகியதும் போர்ட் திறக்க 30 நொடிகள் ஆகும். கம்ப்யூட்டர், பிரின்டர் மாட்டும் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் வைத்தால் உடனே திறக்கும். இன்னொரு சுவிட்சுக்குப் போகும் போர்ட்டில் மட்டும் இதை வைக்கவே கூடாது.

பிபிடியு கார்டு: போர்ட்ஃபாஸ்ட் வைத்த இடத்தில் எல்லாம் இதுவும் இருக்கட்டும். அந்த போர்ட்டில் யாராவது தெரியாமல் வேறொரு சுவிட்சை மாட்டி, அதன் ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால், போர்ட்டை உடனே மூடிவிடும்.

குறைந்த விலை சுவிட்ச்கள் பலவற்றில் இந்த வசதிகள் கிடையாது. ஆகவே, மேஜைக்குக் கீழே ஒரு கேபிள் முனை தொங்குகிறதே என்று காலியாக இருக்கும் ஓட்டையில் செருகிவிடாதீர்கள். அதன் மறுமுனை எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். செருகிய போர்ட் செத்துப்போனால், அடுத்த போர்ட்டில் முயற்சி செய்யாமல் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிடுங்கள். அந்த போர்ட் மூடிக்கொண்டதே மொத்த ஆபீஸையும் காப்பாற்றத்தான்!