அலையின் மீது பழி போடாதீர்கள்

2024 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் இலங்கைத் தமிழரசுக் கட்சி ஓர் ஆசனத்துக்குச் சுருங்கியதற்கு அநுர அலைதான் காரணம் என்று கட்சிக்காக வாதாடுவோர் திருப்பித் திருப்பி எழுதுகிறார்கள். அலையில் மக்கள் அள்ளுண்டு போனார்கள். தலைமைப் போட்டியும் வழக்கும் எந்த ஜனநாயகக் கட்சியிலும் உள்ளவைதான். அவற்றை வெளியில் பேசுவது எதிரிக்குத் துணைபோவது. இதுதான் அவர்களுடைய வாதத்தின் முழுச் சாரம். வாக்காளர் தலையில் பழியைக் கட்டித் தலைமையைத் தப்பவைக்கும் வேலை இது. ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் எண்கள் எல்லாருக்கும் தெரிந்தவை.

2015இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு விழுந்தவை 207,577 வாக்குகள், ஐந்து ஆசனங்கள். 2020இல் வாக்குகள் 112,967 ஆகின, ஆசனம் மூன்றானது. ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி வாக்கு போய்விட்டது. அநுரவின் தேசிய மக்கள் சக்தியை இங்கே யாரும் பொருட்படுத்தாத காலம் அது. பிறகு 2024இல் கிடைத்த 63,327 அதே சரிவின் அடுத்த படி. அதே நாளில் மட்டக்களப்பில் கட்சி 96,975 வாக்குகளோடு முதலிடத்துக்கு வந்து மூன்று ஆசனங்களை வென்றது. 2020இல் அங்கே கிடைத்தவை இரண்டுதான். நாட்டையே புரட்டிய அலை என்றால், மட்டக்களப்பில் வீட்டுக்குப் புள்ளடி போட்டவர்களை அது ஏன் அள்ளிச்செல்லவில்லை?

அவர்கள் தொடவே விரும்பாத கணக்கு ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்தி பெற்றவை 80,830. தமிழரசுக் கட்சியின் 63,327ஐயும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியின் 22,513ஐயும் கூட்டினால் 85,840 வரும். அந்தக் கூட்டணியில் இருப்பவர்கள் வேற்றார் இல்லை. ரெலோவும் புளொட்டும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் வீட்டுச் சின்னத்தின் கீழ் நின்றவர்கள். உள்ளூராட்சித் தேர்தலுக்குத் தனித்துப் போவதென்று தமிழரசுக் கட்சி முடிவெடுத்தபின், 2023 ஜனவரியில், வேறு வழி பார்த்தவர்கள். அவர்களைத் தக்கவைத்திருந்தால் மாவட்டத்தின் முதலிடமும் அதற்குரிய போனஸ் ஆசனமும் தமிழ்த் தரப்பிடம் இருந்திருக்கும். தேர்தலில் வாக்குகள் அப்படியே கூடிவிடாது என்று பதில் சொல்வார்கள். உண்மைதான், குறையவும் கூடும். ஆனால் பிரிந்து நின்று ஒருவரையொருவர் ஏசியதைக் கேட்டு வெறுத்து வாக்குச்சாவடிப் பக்கமே போகாதவர்கள் எத்தனை பேர் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி, உட்கட்சி ஜனநாயகம் என்ற அவர்களுடைய சொல்லுக்கு வருவோம். 2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் கட்சியின் பொதுச்சபை தலைவர் பதவிக்கு வாக்களித்தது. சிவஞானம் சிறீதரனுக்கு 184, எம்.ஏ.சுமந்திரனுக்கு 137. 1949இல் தொடங்கிய கட்சி முதன்முறையாக வாக்குப்பெட்டியின் மூலம் தலைவரைத் தெரிவுசெய்தது என்று அன்று நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பொதுச் செயலாளர் பதவிக்கு இழுபறி. அடுத்த ஞாயிறு நடக்கவிருந்த மாநாடு ஒத்திவைப்பு. பெப்ரவரியில் திருகோணமலை, யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றங்களில் வழக்கு, தடையுத்தரவு. தெரிவான தலைவரால் பதவியேற்கவே முடியவில்லை. ஜனாதிபதித் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் அடுத்தடுத்து வந்த ஆண்டில், மூத்த தலைவர் சம்பந்தன் ஐயாவும் மறைந்துபோன ஆண்டில், கட்சி இப்படிக் கிடந்தது. பொதுச்சபை வாக்களித்துச் சொன்ன தீர்ப்பை நீதிமன்றப் படியில் நிறுத்திவைப்பதற்கு ஜனநாயகம் என்று பெயர் சூட்டுவது, வாக்களித்த அந்த 321 பேரையும் அவமதிப்பது.

சிறீதரனையும் நான் விடப்போவதில்லை. ஜனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்று மத்திய குழு வவுனியாவில் தீர்மானித்தது. தலைவராகத் தெரிவானவர் அந்தத் தீர்மானத்தைத் தள்ளிவிட்டுத் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்காகப் பிரசாரம் செய்தார். தீர்மானம் தவறு என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கூட்டத்துக்குள் மாற்றத் திராணி இல்லாதவர் கட்சியை எப்படி நடத்துவார்? அரியநேத்திரனும் இதே கட்சிக்காரர். அவருக்கு 226,343 பேர் வாக்களித்தார்கள். ஒரே கட்சியின் ஒரு பாதி ஒருவருக்கும் மறு பாதி இன்னொருவருக்கும் வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்ததைக் கண்ட மக்கள், இரண்டு மாதம் கழித்து அதே கட்சியை நம்பவில்லை. இதில் அவர்களுடைய குற்றம் என்ன?

கட்சியை நிறுவிய தந்தை செல்வாவும் 1952இல் காங்கேசன்துறையில் தோற்றவர்தானே என்று ஆறுதல் சொல்கிறார்கள். அவரை இதற்குள் இழுக்காதீர்கள். அவர் தோற்றது ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம். தன் கட்சிக்காரர் போட்ட வழக்கில் அல்ல. இரண்டு ஆசனங்களோடு நின்ற அந்தக் கட்சி 1956இல் பத்து வென்றது.

2025இல் சி.வி.கே.சிவஞானம் பதில் தலைவர், சுமந்திரன் பதில் பொதுச் செயலாளர். 184 வாக்குப் பெற்றவர் தலைவர் கதிரையில் இல்லை, 137 பெற்றவரிடம் கட்சியின் நிர்வாகம், தலைவர் பொறுப்பில் இருப்பவர் அந்தப் போட்டியில் நின்றவரே இல்லை. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் கட்சி மீண்டும் முன்னுக்கு வந்ததைக் காட்டி, எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள். ஆறே மாதத்தில் மக்கள் திரும்பி வந்தார்களே, அதுவே அலைக் கதையை உடைக்கிறது. அவர்கள் தமிழ்த் தேசியத்தைக் கைவிட்டுப் போனவர்களாக இருந்தால் திரும்பியிருக்கவே மாட்டார்கள். ஆனால் பல சபைகளில் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ரெலோவையும் புளொட்டையும் தன்னோடு வைத்திருக்கத் தெரியாத தலைமை, ஆட்சியமைக்க ஆதரவு கேட்டு ஜூனில் ஈ.பி.டி.பி. தலைவர் டக்ளஸ் தேவானந்தாவைச் சந்தித்தது. அந்தச் சந்திப்பு எந்த அலையால் நேர்ந்தது என்று கட்சிக்காக வாதாடுவோர் எழுதட்டும்.