ஓர் அறைக்கு மட்டும் தூய காற்று

2024 நவம்பர் முதல் வாரத்தில் தில்லியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தை பொருளியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வாளர். திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து படிப்பதற்காகத் தலைநகர் சென்றவர். தாய் பள்ளி ஆசிரியர். குழந்தையைக் கவனித்துக்கொள்ள ஊரிலிருந்து வந்த மாமியார், இரண்டறை வாடகை வீட்டிற்குள் நுழைந்ததும் செய்த முதல் காரியம் ஜன்னலைத் திறந்ததுதான். "இப்படி அடைச்சு வச்சா எப்படி மாப்பிள்ளை? பச்சப்பிள்ளைக்குக் காத்து வேண்டாமா?" என்றார். மருமகன் எழுந்து சென்று ஜன்னலை மீண்டும் மூடினார். ஊரில் எந்தக் குழந்தைக்காக ஜன்னலைத் திறப்பார்களோ, தில்லியில் அதே குழந்தைக்காகத்தான் அதை மூடவேண்டும் என்பதை அந்த அம்மாவுக்கு விளங்கவைக்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அந்த மாதம் 18-ஆம் தேதி தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. இந்தியக் குறியீட்டின் அளவுகோல் 500-உடன் முடிந்துவிடுகிறது. ஒரு கனமீட்டர் காற்றில் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த அளவு. இந்தியா தனக்கு விதித்துக்கொண்ட வரம்பு 40. அந்த 40-க்குள்ளும் தில்லி அடங்குவதில்லை. வளர்ந்த மனிதர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகையில், பச்சிளங்குழந்தை 30 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. நுரையீரலின் நுண்ணறைகள் பிறந்த பின்னரும் சில ஆண்டுகள் பெருகி வளர்பவை. ஆகவே மாசடைந்த காற்று குழந்தையின் உடலை அது உருவாகிக்கொண்டிருக்கும்போதே தொடுகிறது.

இவற்றையெல்லாம் படித்தறிந்த தந்தை, பெரும்பாலான படித்த தந்தையர் செய்வதையே செய்தார். காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை வாங்கினார். மாதம் 37,000 ரூபாய் இளநிலை ஆய்வு உதவித்தொகையில் வாழும் குடும்பத்திற்கு அது சிறிய செலவன்று. கருவியின் விளக்கு பச்சையாக எரியும்போது அவருக்கு மனம் அமைதியடையும். குழந்தையைக் குளிப்பாட்டியபின் பாட்டி சாம்பிராணி போட்ட அன்று விளக்கு சிவப்பாக மாறியது. மறுநாளிலிருந்து அந்த அம்மா சாம்பிராணியை விட்டுவிட்டார். எல்லாம் முறையாகவே நடந்தன. வீட்டு வேலைக்கு வரும் பெண் ஒருநாள் அந்தக் கருவி எதற்கு என்று கேட்டார். விளக்கிச் சொன்னபோது, தன் மகளுக்கும் முந்தைய மாதம்தான் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்றார். அவர்கள் குடியிருப்பது தகரக் கூரை வேய்ந்த ஒற்றை அறை. கதவை அடைத்தாலும் புகை உள்ளே வரும். அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார். தந்தையிடம் சொல்வதற்கு மறுமொழி எதுவும் இருக்கவில்லை.

இன்றைய இந்தியாவில் நடுத்தர வர்க்கத் தந்தைமையின் சிக்கல் அந்த மறுமொழியற்ற நிலையில் இருக்கிறது. தன் குழந்தை வாழப்போகும் உலகம் எத்தகையது என்ற கேள்வி தந்தையாகும் எவருக்கும் எழுகிறது. நேர்மையான கேள்விதான். ஆனால் அது எழுந்த சில நாட்களிலேயே வாங்கவேண்டிய பொருட்களின் பட்டியலாக மாறிவிடுகிறது: சுத்திகரிப்பான், காப்பீடு, பள்ளி இடம், வசதி கூடினால் வெளிநாடு. உலகத்தைப் பற்றிய கவலை, அந்த உலகத்திலிருந்து ஒரே ஒரு குழந்தையை மட்டும் விலக்கிக் காக்கும் முயற்சியாகச் சுருங்கிவிடுகிறது. இதைத் தன்னலம் என்று பழிப்பது எளிது, பொருத்தமும் அன்று. இரவு மூன்று மணிக்கு இருமும் குழந்தையின் அருகே இருப்பவரிடம் பொதுக்கொள்கை பேசுவது கொடுமை. எனினும் இரவு மூன்று மணியின் அறத்தை வாழ்க்கை முழுமைக்குமான அறமாக நீட்டிக்கொள்ளலாமா என்பது வேறு கேள்வி.

அந்த ஆய்வாளரின் துறையே இதற்கு ஒரு கருவியைத் தருகிறது. பருவநிலைப் பொருளியலின் பெரிய சர்ச்சைகளுள் ஒன்று, எதிர்காலத் தலைமுறையின் நலனை இன்று எவ்வளவு மதிப்பில் எடுத்துக்கொள்வது என்பது. வருங்காலத்தவர் வருங்காலத்தவர் என்பதற்காகவே அவர்களது நலனை ஆண்டுதோறும் ஒரு வீதத்தில் குறைத்து மதிப்பதைத் தூய காலத் தள்ளுபடி என்பர். அத்தகைய தள்ளுபடி அறநோக்கில் ஏற்கத்தக்கதன்று என்று பிராங்க் ராம்சே 1928-லேயே வாதிட்டார். 2006-இல் வெளிவந்த ஸ்டெர்ன் அறிக்கை அதை 0.1 விழுக்காடு என்று கொண்டது. வில்லியம் நார்தாஸ் தம் மாதிரியில் 1.5 விழுக்காடு என்று கொண்டார். வேறுபாடு அற்பமாகத் தோன்றும். ஆனால் 2024-இல் பிறந்த அந்தப் பெண் குழந்தை 75 வயதை எட்டும்போது, முதல் கணக்கில் அவளது நலன் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 93 விழுக்காடாக நிற்கும். இரண்டாம் கணக்கில் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். கருத்தரங்குகளில் பல ஆண்டுகளாக இந்த எண்களைக் குறித்து வாதிட்டவர், இப்போது அவற்றைத் தம் மடியில் உறங்கும் ஒரு முகத்தின்மீது வைத்துப் பார்த்தார். எந்தத் தள்ளுபடிக்கும் மனம் இசையவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். தன் மகளின் 75-ஆம் வயதுக்கு ஒரு விழுக்காடு தள்ளுபடியும் தர மறுக்கும் தந்தை, இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இன்றிரவு மூச்சு விடும் இன்னொரு குழந்தைக்கு மிகப்பெரிய தள்ளுபடி தந்துவிடுகிறார். தாம் அதைத் தருவதை உணராமலே தருகிறார். பெற்றோரிடம் காலத் தள்ளுபடி இல்லை. உறவுத் தள்ளுபடி இருக்கிறது. எதிர்காலத்தைப் பற்றி உருகுவோர் நிகழ்காலத்தில் அண்டை வீட்டாரைக் காணாமலிருக்க முடிவது இதனால்தான். அதே கூறு அரசின் மொழியிலும் உண்டு. நிகரக் கரிம வெளியேற்றத்தை 2070-க்குள் சுழியமாக்குவதாக 2021-இல் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்தது. அப்போது அந்தப் பெண் குழந்தைக்கு 46 வயது நடக்கும். அந்த வாக்குறுதி தேவையானதே. ஆனால் தொலைவில் உள்ள ஆண்டு, இந்த நவம்பருக்குப் பொறுப்பேற்பதிலிருந்து தப்பிக்க உதவும் சொல்லாகவும் பயன்பட்டுவிடும்.

தந்தையர் வாங்குவோராக மட்டும் மாறிப்போவதற்கு நிறுவனங்களும் காரணம். 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் தாய்க்கு 26 வாரம் விடுப்பு அளித்தது. பெருமைக்குரிய சட்டம். தந்தையைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறை, பெண் ஆய்வாளருக்கு 240 நாள் வரை மகப்பேறு மற்றும் குழந்தை வளர்ப்பு விடுப்பு தருகிறது. ஆண் ஆய்வாளருக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. இதை ஆண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று சொல்வதைவிட, பெண்கள்மீது சுமத்தப்பட்ட ஏற்பாடு என்பதே பொருந்தும். வளர்ப்பது தாயின் வேலை, ஈட்டிக் கொடுப்பது தந்தையின் வேலை என்ற பழைய பிரிவினையை விடுப்பு விதி அரசாணையாக எழுதிவைக்கிறது. நேரம் கேட்கப்படாத தந்தையிடம் பணம் மட்டுமே கேட்கப்படுகிறது. பணத்தால் செய்யக்கூடியது வாங்குவது ஒன்றுதான்.

இதற்கு நேர் எதிரான தரப்பொன்றும் கல்விப்புலத்தில் உண்டு. இவ்வளவு தெரிந்தபின் குழந்தையே பெறலாமா என்று கேட்கும் தரப்பு. தந்தை பிறந்த 1994-இல் வளிமண்டலக் கரியமில வாயுவின் செறிவு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 359 பங்கு. மகள் பிறந்த 2024-இல் 424-ஐக் கடந்துவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 பாகைக்கு மேல் வெப்பம் பதிவான முதல் ஆண்டும் அதுவே. இந்த எண்களை முன்வைத்து அவநம்பிக்கை கொள்வோரை எள்ளி நகையாட முடியாது. ஆனால் அந்த எண்களோடு வேறு சில எண்களையும் சேர்த்துப் படிக்கவேண்டும். 1994-இல் இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 74 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தனர். 2023-இல் அந்த எண்ணிக்கை 25. அந்தத் தந்தை குழந்தையாக இருந்தபோது இந்தியச் சாலைகளில் ஓடிய வண்டிகள் ஈயம் கலந்த பெட்ரோலை எரித்தன. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் அந்த ஈயம் 2000-ஆம் ஆண்டு நாடு முழுவதும் பெட்ரோலிலிருந்து நீக்கப்பட்டது. தில்லிப் பேருந்துகள் 1998-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற ஆணையால் டீசலிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறின. இயற்கை வகைப் போலியோ வைரஸால் வரும் இளம்பிள்ளைவாதம் இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் பதிவானது.

இவற்றுள் எதையும் எந்தத் தந்தையும் தன் குழந்தைக்கென்று கடையில் வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. ஈயமற்ற பெட்ரோல் ஒரு வீட்டுக்கு மட்டும் கிடைப்பதன்று. போலியோ சொட்டு மருந்து ஒரு குழந்தையைக் காப்பதோடு நிற்காமல் தெருவையே காத்தது. இன்றைய பெற்றோர் தம் குழந்தைகளுக்குக் கிடைத்ததாக எண்ணாமலே அனுபவிக்கும் மிகப்பெரிய கொடைகள், முகம் தெரியாத முந்தைய தலைமுறையினர் வழக்காடியும் ஊர்ஊராக அலைந்தும் பெற்றுத்தந்தவை. அவநம்பிக்கையாளரும் சுத்திகரிப்பான் வாங்குவோரும் ஒரு புள்ளியில் சந்திக்கிறார்கள்: எதிர்காலத்தை இருவரும் தனிக் குடும்பத்தின் முடிவாகவே காண்கிறார்கள்.

வேறு வகைத் தந்தைமைக்கு அண்மைச் சான்றே இருக்கிறது. 2015-இல் மூன்று கைக்குழந்தைகளின் சார்பில் அவர்களுடைய தந்தையர் உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக மனுச் செய்தனர். தூய காற்றைச் சுவாசிக்கும் உரிமையை வலியுறுத்திய அந்த வழக்கிலிருந்தே தலைநகர் வட்டாரத்தில் பட்டாசு விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன; 2018-இல் பசுமைப் பட்டாசு, இரண்டு மணி நேரம் என்ற வரையறை நாடு முழுமைக்கும் வகுக்கப்பட்டது. அவ்வழக்கை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. தில்லியின் மாசுக்குப் பட்டாசு ஒரு சிறு பங்குக் காரணமே. தொடர்ந்து வந்த தடையும் 2025 தீபாவளியின்போது தளர்த்தப்பட்டது. இருந்தாலும் அந்தத் தந்தையர் கேட்டது தம் வீட்டு ஜன்னலுக்குள் வரும் காற்றை மட்டுமன்று. நீதிமன்றத்தில் வென்றால் அது வேலைக்கார அம்மாவின் பேரனுக்கும் கிடைக்கும் வகையில் கேட்டார்கள். 2017-இல் ஒன்பது வயது ரிதிமா பாண்டே பருவநிலை மாற்றம் குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகினார். 2019-இல் மனு தள்ளுபடியானது. ஐந்தாண்டு கழித்து, பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21 ஆகிய கூறுகளில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஏற்றது. பொதுவில் கேட்கப்பட்ட கேள்வி தோற்றாலும் அழிந்துவிடுவதில்லை.

தமிழ் மரபுக்கு இது அயலான சிந்தனையுமன்று. புறநானூற்றில் பொன்முடியார், ஒரு மகனை ஆளாக்கும் கடமையைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என நால்வருக்குப் பகிர்ந்தளிக்கிறார். அப்பாடல் போர்க்களத்தில் சென்று முடிவது; மகளைப் பற்றிப் பேசாதது. அவ்விரு குறைகளையும் ஏற்றுக்கொண்டே அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். குழந்தை வளர்ப்பில் அரசுக்கும் கைவினைஞருக்கும் கடன் உண்டு என்று அந்தக் காலமே கண்டிருக்கிறது. இன்று அந்த நால்வரில் இருவர் விலகிக்கொள்ள, எல்லாச் சுமையும் வீட்டுக்குள் வந்து விழுந்திருக்கிறது.

தில்லித் தந்தை என்ன செய்தார் என்பது பெரிய கதையன்று. சுத்திகரிப்பானை அவர் எறியவில்லை, எறியவேண்டியதும் இல்லை. குழந்தை பெற்ற பிற ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வளாகத்தில் ஒரு குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தில் காப்பகம் அமையவேண்டும் என்பது 2017 திருத்தத்தின் விதி. ஆய்வாளர் உதவித்தொகை பெறுபவரேயன்றி ஊழியர் அல்லர் என்பது வழக்கமான மறுப்பு. அதனால் விண்ணப்பத்தில், காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், விடுதிச் சமையற்காரர்கள் ஆகியோரின் குழந்தைகளுக்கும் அதே காப்பகம், அதே சுத்திகரிக்கப்பட்ட காற்று என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. அந்த வரியை எழுதியபோதுதான், வீட்டு வேலைக்கு வந்த பெண்ணுக்குச் சொல்லவேண்டியிருந்த மறுமொழியின் முதற்பகுதி அவருக்குக் கிடைத்தது. விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

ஜூலை மழையில் தில்லியின் வானம் கழுவப்பட்டது. ஊரிலிருந்து வீடியோ அழைப்பில் பேசிய மாமியார், பேத்தியின் பின்னால் ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இப்பவாவது திறந்தீங்களே" என்று மகிழ்ந்தார். அக்டோபர் வந்தால் அது மூடப்படும் என்பதை மருமகன் சொல்லவில்லை. ஓர் ஆண்டில் எத்தனை நாள், எத்தனை வீடுகளில், கைபேசியில் எண்ணைப் பார்க்காமல் குழந்தைக்காக ஜன்னலைத் திறந்துவைக்க முடிகிறது என்ற எளிய கணக்கை இந்த நாட்டின் பெற்றோர் கூட்டாகக் கேட்கத் தொடங்கினால், 2070-ஐப் பற்றிய பேச்சுக்கும் அப்போது பொருள் பிறக்கும்.