மின்சார வண்டி வருகிறது! கோவைப் பட்டறை என்ன செய்யும்?

சிங்காநல்லூரில் ஒரு காலத்தில் ஆலைச் சங்கு ஊதினால்தான் பொழுது விடியும். சங்குச் சத்தத்துக்குச் சோறு வெந்தது. சங்குச் சத்தத்துக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அங்கே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி எழுந்ததே தொழிலாளர் குடும்பங்களுக்காகத்தான்.

பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கோவையில் மிஞ்சியிருந்த தேசிய பஞ்சாலைக் கழக ஆலைகளும் 2020 மார்ச்சில், ஊரடங்கின்போது நிறுத்தப்பட்டன.

ஆலை நின்றது. ஆனால் ஊர் நின்றுவிடவில்லை. ஆலைத் தொழிலாளியின் மகன் லேத் பிடித்தான். வீட்டை ஒட்டிய சந்தில் தகரக் கூரை போட்டு, கடன் வாங்கி, ஒரு மிஷினை நிறுத்தினான். பம்புக்குப் பாகம் கடைந்தான். மோட்டாருக்கு ஷாப்டு கடைந்தான். கார் கம்பெனிக்கும் ஸ்கூட்டர் கம்பெனிக்கும் பாகம் கடைந்தான். இன்று சிங்காநல்லூர், பீளமேடு, கணபதி, இடையர்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் லேத் சத்தம் கேட்கிறது.

அந்தப் பட்டறை வாசலில்தான் இப்போது ஒரு புது விருந்தாளி வந்து நிற்கிறான். அவன் பெட்ரோல் குடிப்பதில்லை. புகை விடுவதில்லை. சத்தமும் போடுவதில்லை. அவன்தான் மின்சார வண்டி!

அவனால் யாருக்கு லாபம்? யாருக்கு நஷ்டம்? கையில் இருக்கும் நாலு காசை எதில் போடுவது? பட்டறைக்காரருக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது, சம்பளக்காரருக்கும் இருக்கிறது, சீட்டுக் கட்டி மிச்சம் பிடிக்கும் வீட்டுப் பெண்மணிக்கும் இருக்கிறது.

எது போகும்? எது நிற்கும்?

பெட்ரோல் என்ஜினைப் பிரித்துப் போட்டால் ஒரு கோணிச் சாக்கு நிறையும். பிஸ்டன், ரிங், வால்வு, ஸ்பார்க் பிளக், கிளட்ச், கியர், சைலன்சர் என்று எத்தனையோ பாகங்கள்! ஒவ்வொன்றையும் கடைந்து கொடுக்க ஒரு பட்டறை வேண்டும்.

மின்சார மோட்டாரில் சுழல்வது பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதுதான் "ரோட்டார்". இரண்டு பேரிங், கொஞ்சம் செம்புக் கம்பி, இரும்புத் தகடு, காந்தம். அவ்வளவுதான். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் அங்கே வேலை இல்லை.

ஆனால் எல்லாமே போய்விடாது. வண்டி எதில் ஓடினாலும் நிற்க வேண்டுமே! பிரேக் வேண்டும். சக்கரம் வேண்டும். குழியில் விழுந்தால் தாங்க ஷாக் அப்சார்பர் வேண்டும். வேகம் காட்ட மீட்டர் வேண்டும். கோவையில் பிறந்த பிரிக்கால் கம்பெனி பெயர் பெற்றது மீட்டரில்தான். ரூட்ஸ் கம்பெனி பெயர் பெற்றது ஹாரனில். இவற்றுக்கு வண்டி பெட்ரோலில் ஓடினால் என்ன, பாட்டரியில் ஓடினால் என்ன?

ஆகவே பட்டறைகள் மூன்று வகை. என்ஜின் பாகம் மட்டுமே செய்வது ஒரு வகை. அதற்கு ஆபத்து. இரண்டுக்கும் பொதுவான பாகம் செய்வது இரண்டாம் வகை. அது பிழைக்கும். மோட்டார், கண்ட்ரோலர், சார்ஜர், பாட்டரிப் பெட்டி என்று புதியது செய்வது மூன்றாம் வகை. அதற்குத்தான் வளர்ச்சி.

தம் பட்டறை எந்த வகை? ஒவ்வொரு பட்டறைக்காரரும் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்.

ஓடுகிறதா, நடக்கிறதா?

"எல்லாம் பேச்சுதான். பெட்ரோல் வண்டி எங்கே போய்விடும்?" என்று சிலர் சொல்கிறார்கள். "நாளைக்கே பெட்ரோல் வண்டி ஒழிந்துவிடும்" என்று வேறு சிலர் பயமுறுத்துகிறார்கள். இரண்டும் சரியல்ல.

இந்தியாவில் 2024-25-ல் விற்ற இரு சக்கர வண்டிகளில் நூற்றுக்கு ஆறு மின்சார வண்டி. கார்களில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஆனால் ஆட்டோ முதலிய மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சார வண்டிதான்!

வெளிநாட்டைப் பார்த்தால், சீனாவில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய பாதி, பிளக் சொருகிச் சார்ஜ் ஏற்றும் கார்கள். நார்வே நாட்டில் பத்துக்கு ஒன்பது.

ஏன் இந்த மோகம்? சிறு கணக்கு ஒன்று போதும். மின்சார ஸ்கூட்டர் ஒன்று நூறு கிலோ மீட்டர் போக மூன்று, மூன்றரை யூனிட் மின்சாரம் தேவை. யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். லிட்டருக்கு 45 கிலோ மீட்டர் போகும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு, லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், அதே தூரத்துக்கு 220 ரூபாய் ஆகும். நாள் முழுவதும் ஓடும் ஆட்டோக்காரர் ஏன் முதலில் மாறினார் என்பது இப்போது புரியும்.

ஆனால் வண்டி வாங்கும்போது பாட்டரிக்குச் சேர்த்தே விலை கொடுக்க வேண்டும். சர்க்கார் மானியமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2023 ஜூனில் அது குறைந்தது. 2024-ல் மேலும் குறைந்தது. 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. பெட்ரோல் வண்டியின் விலையும் இறங்கியது. ஆகவே மாறுதல் வருவது உறுதி. அது ஒரே நாளில் வராது என்பதும் உறுதி. இடையில் இருக்கும் சில ஆண்டுகள்தான் கோவைக்குக் கிடைத்திருக்கும் அவகாசம்.

மோட்டார் கோவைக்குப் புதிதா?

இல்லவே இல்லை! 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவைக்கு இறங்கி வந்தது. ஆலைகள் பெருகின. கிணற்றில் பம்பு ஏறியது. 1937-ல் பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்சார மோட்டார் செய்யப்பட்டது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அந்த முயற்சியின் கர்த்தாக்கள்.

ஜி.டி. நாயுடு பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ஆசைப்பட்டார். கோவையில் ஓட்டல் வேலை செய்து பணம் சேர்த்தார். அந்த வண்டியையே வாங்கினார். சவாரி செய்வதற்கு மட்டுமா? பிரித்துப் பார்ப்பதற்கு! அவர் முதலீடு செய்தது வண்டியில் அல்ல, கற்பதில். 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் திறந்த பத்துக் கிலோ மீட்டர் மேம்பாலம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மோட்டார் கம்பி சுற்றவும், இரும்பை வார்க்கவும், மாவாட்டும் கிரைண்டரை இரைச்சல் இல்லாமல் ஓட வைக்கவும் கோவைக்கு எவரும் சொல்லித்தர வேண்டாம். மின்சார வண்டிக்கு வேண்டிய கைத்தொழிலில் பாதி ஏற்கெனவே இந்த ஊரில் இருக்கிறது.

விதை இங்கே, மரம் அங்கே!

அப்படியானால் மின்சார வண்டித் தொழிற்சாலைகள் கோவையில் அல்லவா நிறைய வேண்டும்? இந்த இடத்தில்தான் ஒரு பாடம் இருக்கிறது.

2008-ல், மின்சார ஸ்கூட்டரைப் பலர் விளையாட்டுச் சாமான் என்று நினைத்த காலத்தில், ஹேமலதா அண்ணாமலை என்ற பெண்மணி கோவையில் "ஆம்பியர்" கம்பெனியைத் தொடங்கினார். 2015-ல் ரத்தன் டாட்டா அதில் பணம் போட்டார். 2018-ல் கிரீவ்ஸ் காட்டன் கம்பெனி பெரும் பங்கை வாங்கியது. 2021-ல் பெரிய தொழிற்சாலை திறந்தது. எங்கே? ராணிப்பேட்டையில்!

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பெரிய முதல் எங்கிருந்து வருகிறதோ, தொழிற்சாலை எங்கே அமைவது என்பதையும் அதுவே முடிவு செய்யும். ஓசூரில் டி.வி.எஸ்.சும் ஏதரும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. போச்சம்பள்ளியில் ஓலா. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் கார் தொழிற்சாலை திறந்தது. 2023-ல் தமிழக அரசு வெளியிட்ட மின்சார வாகனக் கொள்கை 50,000 கோடி ரூபாய் முதலீட்டையும் ஒன்றரை லட்சம் வேலைகளையும் குறியாக வைத்தது. அதில் ஆறு நகரங்கள் மின்சார வாகன நகரங்களாகக் குறிக்கப்பட்டன. கோவை அவற்றில் ஒன்று.

கொங்கு நாட்டில் பணம் இல்லையா? இருக்கிறது. நகையாக இருக்கிறது, நிலமாக இருக்கிறது, சீட்டாக இருக்கிறது. உழைத்துச் சேர்த்த பணம். ஆனால் பக்கத்துப் பட்டறையில் அது முதலாகப் போவது அபூர்வம்.

வண்டி வேறு, பங்கு வேறு

இப்போது அந்தப் பணத்துக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. அதுதான் பங்குச் சந்தை. "மின்சார வண்டிதான் இனி, அந்தக் கம்பெனிப் பங்கை வாங்கிப் போடு" என்று கைப்பேசியில் யோசனை வந்துகொண்டே இருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு வண்டி நன்றாக விற்கலாம். அதே கம்பெனியின் பங்கு விலை இறங்கலாம். ஓலா எலக்ட்ரிக் கம்பெனி 2024 ஆகஸ்டில் பங்கு ஒன்று 76 ரூபாய்க்கு வெளியிட்டது. சில நாட்களில் விலை 150-ஐத் தாண்டியது. ஆசைப்பட்டு அப்போது வாங்கினவர்கள் ஏராளம். 2025-ல் அதே பங்கு 60 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஏதர் கம்பெனி 2025-ல் 321 ரூபாய்க்கு வெளியிட்டது. அது அந்த ஆண்டிலேயே 600-ஐத் தாண்டியது. இரண்டும் ஒரே தொழில். தொழிற்சாலைகளும் ஒரே மாவட்டத்தில். ஒன்று இறங்கியது, ஒன்று ஏறியது. நாளை எது ஏறும், எது இறங்கும் என்று உறுதியாகச் சொல்கிறவரை நம்பக் கூடாது.

அப்படியானால் பங்கே வாங்கக் கூடாதா? வாங்கலாம். ஆனால் மகள் கல்யாணத்துக்கு வைத்த பணத்தில் அல்ல. கடன் வாங்கியும் அல்ல. போனாலும் வீட்டு உலை அணையாது என்ற பணத்தில் மட்டுமே. அதையும் ஒரே கம்பெனியில் கொட்டாமல் பிரித்துப் போட வேண்டும்.

"சார்ஜிங் நிலையம் வைத்துத் தருகிறோம், மாதா மாதம் நிச்சய வருமானம்" என்று யாராவது கதவைத் தட்டினால், கொங்கு நாட்டார் பெருந்துறையை நினைத்துக்கொள்ள வேண்டும். கொட்டகை போட்டு ஈமு கோழி வளர்த்தால் மாதா மாதம் பணம் என்றார்கள். சினிமா நட்சத்திரங்கள் விளம்பரத்தில் தோன்றினார்கள். 2012-ல் எல்லாம் சரிந்தது. பறவை பட்டினி கிடந்தது. பணம் போட்டவர்கள் போலீஸ் நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். அன்று கோழி, நாளை பாட்டரியாக இருக்கலாம். ஏமாற்று ஒன்றுதான்.

செய்ய வேண்டியது என்ன?

பட்டறைக்காரர் வீட்டை அடமானம் வைத்து ஒரே இரவில் மாற வேண்டியதில்லை. இருக்கிற ஆர்டரை விடாமல், லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒரு புதிய பாகத்தைக் கற்றால் போதும். மோட்டார் கூடு, பிரேக் பாகம், பாட்டரிப் பெட்டி என்று எதுவானாலும் சரி. தனியாக முடியாததைப் பத்துப் பேர் சேர்ந்தால் முடிக்கலாம். பம்பு, மோட்டார் சோதனைக்குத் தொழில் அதிபர்கள் ஒன்றுகூடி "சிடார்க்" நிலையத்தை அமைத்த ஊர் அல்லவா இது?

பெரிய கம்பெனிகளுக்கும் ஒரு கடமை உண்டு. எந்த என்ஜின் பாகத்தை எந்த ஆண்டோடு நிறுத்தப் போகிறோம் என்பதைச் சிறு பட்டறைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். திடீரென்று ஆர்டரை நிறுத்துவது கழுத்தை நெரிப்பது போல.

அரசின் கடமை இன்னும் பெரிது. மின் கட்டண உயர்வைத் தாங்க முடியாமல் 2023 செப்டம்பரில் சிறு தொழில்கள் கதவடைத்தன. மின்சார வண்டிக்குப் பாகம் செய்யும் பட்டறை மின் கட்டணத்தாலேயே மூடினால் ஊர் சிரிக்காதா? நிலத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கும் வங்கி, கையில் உள்ள ஆர்டரையும் தொழில் திறமையையும் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் படிக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் கார்புரேட்டரோடு கண்ட்ரோலரையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மோட்டார்களில் பலவற்றுக்கு வேண்டிய உயர்ந்த ரகக் காந்தம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் சீனா அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. இந்தியத் தொழிற்சாலைகள் திண்டாடின. அந்தக் காந்தம் இல்லாமலே ஓடும் மோட்டார்களும் உண்டு. அவற்றை மலிவாகவும் நன்றாகவும் செய்ய முயல்வதற்கு, 1937-ல் முதல் மோட்டார் செய்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் எது?

ஆலைகள் சாய்ந்தபோது தொழிலாளிக்கு யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. இந்த முறை நேரம் கிடைத்திருக்கிறது. வேறு ஊர்க் கம்பெனியின் பங்கு ஏறுமா என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே அந்த நேரத்தைக் கழித்துவிடலாம். அல்லது, சொந்த ஊரின் கைத்திறமைக்கு முதல் போடலாம். மேலும் மேலும் பலன் தரக்கூடிய முதல் இரண்டாவதுதான்.