திட்டினால் மார்க் வருமா?

என் மகள் பி.காம். இரண்டாமாண்டு படிக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. டவுன் பஸ்ஸிலும் டிக்கெட் இல்லை. அப்படியிருந்தும் முதல் வருடம் மூன்று அரியர்! "உனக்கு அக்கறையே இல்லை கண்ணு" என்று தினமும் திட்டித் தீர்ப்பேன்.

சென்ற செமஸ்டரில் ஆசிரியை, உள்ளூர்ப் பொருள் ஒன்றுக்கு அடக்கவிலை போட்டு வரச் சொன்னாராம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், வீணாகும் துணி... எட்டாவதோடு நின்ற நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். வகுப்பில் அவள் விளக்கியதை எல்லோரும் கவனித்துக் கேட்டார்களாம். அன்றிலிருந்து கடைசி பெஞ்சை விட்டு முன்னால் வந்துவிட்டாள். இரண்டு அரியரையும் முடித்துவிட்டாள். மூன்றாவதற்கு அவளாகவே படிக்கிறாள்.

பணமும் பஸ்ஸும் காலேஜ் வாசல் வரை கொண்டுபோய் விடும். பாடத்தில் மனசு ஒட்டினால்தானே மார்க் வரும்? தாய்மார்களே, "எத்தனை மார்க்?" என்று கேட்கும் முன், "இன்னிக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டுப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, அவிநாசிபாளையம்.