வினாவின் கடினம் எதில் இருக்கிறது?

பொது அறிவு என்னும் பெயரால் நம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் செய்திகளுக்கு அளவில்லை. நாடுகளின் தலைநகரங்கள், நீண்ட நதிகள், உயர்ந்த சிகரங்கள், பரிசு பெற்றோர் பெயர்கள் ஆகியவை போட்டித் தேர்வுக் கையேடுகளில் பக்கம் பக்கமாக நிரம்பிக் கிடக்கின்றன. விடை தெரிந்தால் மதிப்பெண் உண்டு; தெரியாவிடில் எவ்வளவு நேரம் எண்ணிப் பார்த்தும் பயனில்லை. யாருக்கும் தெரியாத செய்தியைக் கேட்டுவிட்டால் அதனைக் கடினமான வினா என்று போற்றும் வழக்கமும் வேரூன்றியுள்ளது. இம்மதிப்பீடு தவறானது என்பது எம் கருத்து. அறிந்தவற்றைக் கொண்டு அறியாததை எட்டுமாறு தூண்டும் வினாவே உண்மையில் கடினமானது. அதனை இயற்றுவதும் கடினம். பெங்களூரு நகரில் வளர்ந்துள்ள வினாடி வினா மரபு இதற்குத் தக்க சான்று.

நம் நாட்டில் இக்கலைக்குப் பொதுமேடை அமைத்தவர் நீல் ஓ'பிரையன். 1967-ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவில் நடத்திய போட்டியே இதன் தொடக்கம் எனக் கூறுவர். 1972-இல் வானொலி வழியாகப் பள்ளி மாணவர் போட்டி நாடெங்கும் ஒலித்தது. பெங்களூரில் 1983-இல் கர்நாடக வினாடி வினாச் சங்கம் நிறுவப்பட்டது. இதனை உருவாக்கியவர்களுள் விமானப் படையைச் சேர்ந்த விங் கமாண்டர் ஜி. ஆர். முல்கி குறிப்பிடத்தக்கவர். இச்சங்கம் 2005-இல் தொடங்கிய 'மகாக்விஸ்ஸர்' என்னும் எழுத்துப் போட்டியில் 90 நிமிடங்களில் 150 வினாக்களுக்குத் தனியொருவராக விடையளிக்க வேண்டும். விஞ்ஞானம், வரலாறு, இசை, விளையாட்டு, சொற்பிறப்பு என எத்துறையும் இதற்கு விலக்கன்று. இவ்வினாக்களில் பல மூன்று நான்கு வரிகள் நீளமுடையவை. அந்நீளத்தில்தான் விடைக்குரிய குறிப்புகள் மறைந்திருக்கும்.

எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். "சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் எந்த ஆண்டில் தொடங்கியது?" என்பது கையேட்டு வினா. 1902 என்பது விடை. அத்துடன் பேச்சு முடிந்தது. இதனையே வேறு வகையாகக் கேட்கலாம்: "1902-இல் காவிரியாற்றின் அருவியில் எடுக்கப்பட்ட மின்சாரம் அண்மையிலிருந்த மைசூர் அரண்மனைக்கும் செல்லவில்லை, பெங்களூருக்கும் செல்லவில்லை, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே வேறோர் ஊருக்குச் சென்றது. அவ்வூர் எது?" இதைக் கேட்பவர் சிந்திக்கத் தொடங்குகிறார். அக்காலத்தில் அவ்வளவு மின்சாரத்தை விலைகொடுத்து வாங்கக் கூடியவர் யார்? இரவும் பகலும் எந்திரம் ஓடவேண்டிய தொழில் எது? நிலத்தடியில் ஊறும் நீரை இறைக்கவும், ஆழத்திலிருந்து பாறையை மேலே தூக்கவும் நீராவி எந்திரங்களை நம்பியிருந்த கோலார் தங்கவயல் அவர் நினைவுக்கு வருகிறது. ஆண்டை அறியாதவரும் ஊரை எட்டிவிடுகிறார். பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905-இல்தான். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆயிரக்கணக்கான தொழிலாளர் உழைத்த அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன என்பதையும் விடை கூறுவோர் சேர்த்துச் சொல்வது நலம்.

இன்னொன்று: காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூர்ப் போருக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய கீதத்துக்கும் என்ன உறவு? முதலில் இது வேடிக்கையாகவே தோன்றும். 1780-இல் நடந்த அப்போரில் ஹைதர் அலியின் படை இரும்புக் குழலில் வெடிமருந்து அடைத்த ராக்கெட்டுகளை ஏவியது. ஐரோப்பாவில் அந்நாளில் ராக்கெட்டின் உறை காகித அட்டையால் ஆனது. இரும்பு உறையோ உள்ளே எரியும் வாயுவின் மிகுந்த அழுத்தத்தையும் தாங்கியதால் ராக்கெட் நெடுந்தொலைவு பாய்ந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கைப்பற்றப்பட்டவை இங்கிலாந்துக்குச் சென்றன. வில்லியம் காங்கிரீவ் அவற்றின் வழிநின்று புதியவற்றைச் செய்தார். 1814-இல் பால்டிமோர் துறைமுகக் கோட்டையின்மீது ஆங்கிலேயர் அவற்றை ஏவியதைக் கண்ட பிரான்சிஸ் ஸ்காட் கீ தம் பாடலில் அவற்றைக் குறித்தார். போர், உலோகம், வாயுவின் அழுத்தம், பாடல் ஆகிய நான்கும் ஒரே இழையில் கோக்கப்பட்டுவிட்டன. தனித்தனிப் பாடவேளைகளாகப் பிரித்துக் கற்ற மாணவனுக்கு இத்தகைய இணைப்பை வேறெவரும் காட்டுவதில்லை.

கையேட்டு வினாக்களுக்கு மற்றொரு குறையும் உண்டு. அவற்றின் விடைகள் பழையனவாகிவிடும்; சில தொடக்கம் முதலே பிழையானவை. நம் நாட்டின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வந்தோம். எந்த விளையாட்டுக்கும் அத்தகுதி வழங்கப்படவில்லை என்று மத்திய அமைச்சகம் 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விடையளித்தது. துணைக்கோள்கள் மிகுந்த கிரகம் எது? 2023 தொடக்கத்தில் வியாழன் என்பதே சரியான விடை. அதே ஆண்டு மே மாதத்தில் அது சனியாக மாறிற்று. 2025 மார்ச்சில் சனியின் துணைக்கோள்களாக ஏற்கப்பட்டவற்றின் எண்ணிக்கை 274. விடைக்கருகில் ஆண்டையும் அச்சிட்டால் குழப்பம் பெரிதும் குறையும். பதிப்பாளர்கள் இதைக்கூடச் செய்யாதது வியப்பே.

சட்டைப்பையிலுள்ள கருவியே எதனையும் சொல்லும்போது இவையெல்லாம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பூட்டிய அறையில் தேர்வு எழுதுவோருக்கு அக்கேள்வி பொருந்தும். நால்வர் கூடி ஊகித்து, ஒருவர் ஊகத்தை மற்றவர் மறுத்து விடையை அணுகும் இன்பத்தைக் கருவி கெடுத்துவிடவில்லை. சதுரங்கத்தில் மனிதரை எந்திரம் வென்று பல ஆண்டுகள் கழிந்த பின்னும் சென்னையில் சிறுவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டுதானே இருக்கின்றனர்?

பெங்களூரு மரபிலும் குறையில்லாமல் இல்லை. அது பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தோரின் மரபாகவே வளர்ந்தது. நகரங்களுக்கு வெளியேயுள்ள மாணவர்களுக்கெனக் கர்நாடக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, டாடா கன்சல்டன்சி நிறுவனத்துடன் இணைந்து 2000-ஆம் ஆண்டில் கிராமப்புறப் போட்டியொன்றைத் தொடங்கியது நல்ல முயற்சி. ஆனால், ஆங்கில வினாவை மொழிபெயர்த்துத் தருவது மட்டும் போதாது. குறிப்புகள் சொற்களுக்குள் ஒளிந்திருப்பதால் மொழி மாறும்போது வினாவே சிதைந்துவிடும். அந்தந்த மொழியிலேயே சிந்தித்து இயற்றினால் ஆங்கிலத்தில் கேட்கவே இயலாத வினாக்கள் கிடைக்கும். ஒன்று கூறுவோம்: "கன்னடப் பாடநூலில் ஒரு பழைய ஐரோப்பியப் பிழையைப் பெயரிலேயே சுமந்து நிற்பதும், தமிழில் உயிரின் பெயரால் வழங்கிவந்ததுமான வாயு எது?" அமிலங்கள் அனைத்துக்கும் ஆக்சிஜனே மூலம் என்று கருதிய லவாய்சியர், அமிலத்தைத் தோற்றுவிப்பது என்னும் பொருளில் அப்பெயரை இட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பதை ஹம்பிரி டேவி 1810-இல் விளக்கிய பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. கன்னடத்தார் அதனை 'ஆம்லஜனக' என்று அப்படியே பெயர்த்துக்கொண்டனர்; தமிழில் நாம் பிராணவாயு என்றோம். ஓசூரிலோ கோலாரிலோ இருமொழியும் பேசி வளரும் சிறுமி, ஆங்கிலம் மட்டும் பயின்ற நகரத்து மாணவனுக்கு முன்பே இவ்வினாவுக்குக் கை உயர்த்துவாள்.